உங்களுக்குத் தெரியுமா? 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி 100 தராது!

தூண்டில் போடும் படகை ஓசையில்லாமல் மெல்ல நகர்த்தும் மின் மோட்டார்தான் ட்ரோலிங் மோட்டார். 1934-இல் அமெரிக்காவின் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு மாடல்-ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் புரொப்பல்லரைப் பொருத்தி ஒன்றை உருவாக்கினார்.

மோட்டார் காரிலிருந்து வந்தாலும், கார் பேட்டரி இதற்கு ஆகாது. அதன் மெல்லிய ஈயத் தகடுகள் எஞ்சினைக் கிளப்ப ஒரு நொடி மின்சாரத்தைக் கொட்டுவதற்கானவை. மணிக்கணக்கில் வடித்தால் சீக்கிரம் கெட்டுவிடும். தகடு தடித்த ‘டீப் சைக்கிள்’ வகைதான் தாங்கும். அதையும் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொண்டால் நெடுநாள் உழைக்கும்.

லேபிளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. 100 ஆம்பியர்-ஹவர் என்பது பெரும்பாலும் 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் எடுக்கும்போது கிடைக்கும் கணக்கு. முழு வேகத்தில் மோட்டார் 50 ஆம்பியர் இழுத்தால், ஈய-அமில பேட்டரி 2 மணி நேரம்கூட வராது. வேகமாக வடிக்க வடிக்கக் கிடைக்கும் கொள்ளளவே சுருங்கும்; 1897-இல் ஜெர்மானியரான பாய்கெர்ட் இதற்குச் சூத்திரமே எழுதிவிட்டார். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் இந்த இழப்பு மிகக் குறைவு, எடையும் ஏறக்குறைய பாதிதான். விலைதான் கையைக் கடிக்கும்.