இங்கே வெயில்... அங்கே மழை!

கடந்த ஆடியில், சேலத்திலிருந்து நாத்தனார் குடும்பத்தோடு ஒகேனக்கல் போயிருந்தோம். பரிசலில் போகணும் என்று பிள்ளைகளுக்கு ஒரே குஷி. வழியெல்லாம் சுள்ளென்று வெயில். போய்ப் பார்த்தால், காவிரி செம்மண் நிறத்தில் நுரை தள்ளி ஓடுகிறது. பரிசல் இயக்கவும், குளிக்கவும் தடை!

பிள்ளைகள் முகம் வாடியதைப் பார்த்த ஒருவர், 'கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க, வேற பக்கமா கூட்டிட்டுப் போறேன்' என்றார். என் கணவரும் பர்சை எடுத்து விட்டார். எனக்கு பகீரென்றது. சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக் கொண்டு, 'வேணாம்ங்க' என்று அழாத குறையாகச் சொல்லி விட்டேன். 'மழையே இல்ல, அண்ணி சும்மா பயப்படறாங்க' என்று சிரித்தாள், நாத்தனார்.

மீன் வறுத்துக் கொண்டிருந்த அம்மா தான் விளக்கினார். இங்கே மழை பெய்யணும் என்பதே இல்லையாம். குடகிலும், வயநாட்டிலும் கொட்டினால், கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறந்து விடும் தண்ணீர், பிலிகுண்டுலு வழியாக இங்கே வந்து விடுமாம். 'எத்தனை கன அடி வருதுன்னு பேப்பர்லயே போடறாங்களேம்மா...' என்றார். ராசிபலன் பார்க்கிற அவசரத்தில், அந்தச் செய்தியை நான் படித்ததே இல்லை!

தை மாதம், நீர்வரத்தைப் பேப்பரில் பார்த்து, போனிலும் விசாரித்த பிறகே மறுபடி போனோம். லைப் ஜாக்கெட்டை முதல் ஆளாக மாட்டிக் கொண்டவர், எங்க வீட்டுக்காரர் தான்!

— ஒரு வாசகி, சேலம்.