சுவருக்குள் ஒளியும் நீர்க்கசிவு

மும்பையின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நேயர்கள், கூரையில் ஈரக்கறை கண்டதும் மேல்வீட்டாரையே நோவது வழக்கம். ஆனால், கறை தோன்றுமிடமே கசியுமிடம் என்று கொள்வதற்கில்லை. நீர் தளத்தின் வெடிப்பு வழியே ஊர்ந்து வேறோரிடத்தில் வெளிப்படுவதுண்டு. ஆகவே, கைதேர்ந்தவர் உளியை எடுக்குமுன் கேள்விகளைத் தொடங்குகிறார்.

கறை மழைக்காலத்தில் மட்டும் பெருகுகிறதா? வெளிச்சுவரையும் மொட்டைமாடியையும் ஐயுறுவார். அந்நகரின் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களில் அவற்றின் பழுது பொதுவாகச் சங்கத்தைச் சார்ந்தது. குளித்தபின் மட்டும் பெருகுகிறதா? மேல்வீட்டுக் குளியலறையில் சாயநீர் ஊற்றி, கீழே நிறம் தோன்றுகிறதா என்று பார்ப்பார். எந்நேரமும் ஈரமெனில் ஐயம் நீர்க்குழாயின்மேல் விழும். திருகுகளையெல்லாம் மூடிய பின்னும் மீட்டர் சுழலுமாயின் ஐயம் உறுதியாகும்.

இனி இடத்தைக் காட்ட வேண்டியது ஒலி. துளைவழி பீறிடும் நீரின் இரைச்சலை, சுவரில் ஒலிவாங்கியை ஒற்றிக் கேட்பர். இரும்புக்குழாய் ஒலியை நன்கு கடத்தும். பிளாஸ்டிக் குழாயோ விழுங்கிவிடும். அப்பொழுது நீரை வடித்துவிட்டு, 5 பங்கு ஹைட்ரஜனும் 95 பங்கு நைட்ரஜனும் கலந்த தீப்பற்றா வாயுவைச் செலுத்துவர். இலேசான ஹைட்ரஜன் பூச்சினூடே வெளிப்பட, கருவி அதனை மோப்பம் பிடிக்கும்.

வெப்பப்படக் கருவியைப் பலர் அளவுக்கு மீறிப் புகழ்கின்றனர். அது சுவருக்குள் பார்ப்பதில்லை; ஈரம் ஆவியாவதால் குளிர்ந்த மேற்பரப்பையே காட்டும். அப்படம் ஒன்றைக் கொண்டே சுவரை இடிக்கச் சொல்பவரிடம், மீட்டரைப் பார்த்தீரா என்று கேளுங்கள்.