வெவ்வேறு பெட்டி, ஒரே ஆட்டம்

பிறந்தநாள் பரிசாகப் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுப் பெட்டியை வாங்கித் தருகிறோம். அன்று மாலை வரை அவன் முகத்தில் மகிழ்ச்சி பொங்குகிறது. மறுநாள் பார்த்தாலோ முகம் வாடியிருக்கிறது. விசாரித்தால், “என் தோழர்கள் எல்லாரும் வேறு பெட்டி வைத்திருக்கிறார்கள், இதிலிருந்து அவர்களோடு சேர்ந்து ஆட முடியாதாம்” என்கிறான். இத்தனை ஆயிரம் செலவழித்தும் இப்படியா என்று நமக்கு வருத்தம், சற்றுக் கோபமுங்கூட. பந்து ஒரு கடையில் வாங்கியது, மட்டை வேறொரு கடையில் வாங்கியது என்பதற்காகத் தெருவில் கிரிக்கெட் ஆட்டம் நின்று போனதுண்டா? நாம் தொலைபேசியில் பேசும்போது, மறுமுனையில் இருப்பவர் எந்த நிறுவனத்தின் கருவியை வைத்திருக்கிறார் என்று கேட்டதுதான் உண்டா? இங்கு மட்டும் ஏன் இந்தப் பிரிவினை?

சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோவின் ஸ்விட்ச், இவற்றோடு கணினி, கைப்பேசி என வீடியோ விளையாட்டுக்குப் பல வாசல்கள் உள்ளன. ஒரு வாசல் வழியாக வந்தவரும் மற்றொரு வாசல் வழியாக வந்தவரும் ஒரே களத்தில் கூடி ஆடுவதைத்தான் இளைஞர்கள் ‘கிராஸ்பிளே’ என்கின்றனர். அதிலும் நாம் இங்கே பேச விரும்புவது, ஒருவரையொருவர் வீழ்த்தும் ஆட்டங்களைப் பற்றியன்று. தோழர்கள் ஒரே அணியாக நின்று ஒரு வேலையை முடிக்கும் கூட்டு ஆட்டங்களைப் பற்றியே.

எடுத்துக்காட்டாக ‘ஓவர்குக்டு’ என்னும் ஆட்டத்தைச் சொல்லலாம். இங்கிலாந்தில் ஒரு சிறு குழுவினர் உருவாக்கி 2016-இல் வெளியிட்டது. நால்வர் ஒரு சமையலறையில் நிற்கின்றனர். ஒருவர் காய் நறுக்க வேண்டும். ஒருவர் அடுப்பைக் கவனிக்க வேண்டும். ஒருவர் தட்டுகளைக் கழுவ வேண்டும். ஒருவர் பரிமாற வேண்டும். நேரமோ ஓடிக்கொண்டே இருக்கும். கவனம் தவறினால் அடுப்பில் இருப்பது தீப்பற்றும். நடு ஆட்டத்தில் சமையலறையே இரண்டாகப் பிளந்து விலகும். அப்போது தட்டு ஒரு கரையிலும் குழம்பு மறு கரையிலும் கிடக்கும்! ஒருவர் மட்டும் கெட்டிக்காரராக இருந்து பயனில்லை. “தட்டை இங்கே தா”, “வெங்காயம் போதும், நிறுத்து” என்று ஓயாது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். நம் திருவிழாக்களில் அசன வேலைக்கு நின்றவர்களுக்கு இந்தக் கூச்சல் புதிதன்று. இவ்விளையாட்டின் இரு பாகங்களையும் சேர்த்து வந்த பதிப்பில், 2021 மார்ச் முதல் மேற்சொன்ன மூவகைப் பெட்டியினரும் கணினியினரும் ஒன்றாக ஆட முடிகிறது.

அப்படியானால், இந்த வசதி அண்மையில்தான் கண்டுபிடிக்கப்பட்டதா? அதுதான் இல்லை. ஜப்பானில் 2002-ஆம் ஆண்டிலேயே ‘ஃபைனல் ஃபேண்டஸி 11’ என்னும் ஆட்டம் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்து, அதே ஆண்டில் கணினிக்கும் வந்தது. இரு சாராரும் ஒரே உலகில் உலவினர். 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தோரும் அவர்களுடன் சேர்ந்துகொண்டனர். ஆகவே, தொழில்நுட்பம் இருந்தது. கதவைத் திறக்கத்தான் மனம் இருக்கவில்லை. ஒருவர் எந்தப் பெட்டியை வாங்குகிறாரோ, அதையே அவருடைய தோழர்களும் வாங்கியாக வேண்டும் என்ற நிலை இருந்தால் விற்பவருக்கு இலாபந்தானே! பிள்ளைகளின் நட்பே நிறுவனங்களுக்கு இலவச விளம்பரமாயிற்று.

இந்தச் சுவர் ஒருநாள் தற்செயலாகவே சில மணி நேரம் திறந்துகொண்டது. 2017 செப்டம்பரில் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டில், பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் இருந்தவர்கள் ஒரே களத்தில் சந்தித்துக்கொண்டார்கள். ஆட்டக்காரர்கள் வியந்தனர். அமைப்பில் நேர்ந்த பிழை என்று கூறி, விளையாட்டை நடத்திய எபிக் நிறுவனம் உடனே கதவை அடைத்துவிட்டது. ஆனால், பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். முடியாது என்று இனிச் சொல்ல வழியில்லை. 2018 ஜூனில் இதே ஆட்டம் ஸ்விட்ச் பெட்டிக்கு வந்தபோது இன்னொரு வேடிக்கை நடந்தது. தம் கணக்கைப் பிளேஸ்டேஷனோடு ஒருமுறை இணைத்திருந்தவர்கள் அதே கணக்கோடு ஸ்விட்ச்சில் நுழைய முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள்களெல்லாம் பழைய பெட்டிக்குள்ளேயே சிறைப்பட்டன. எதிர்ப்பு வலுத்தது. அவ்வாண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் சோனி நிறுவனம் இறங்கி வந்து, ஃபோர்ட்நைட்டுக்குச் சோதனை முறையில் கதவைத் திறந்தது. 2019 டிசம்பரில் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டிலும் பிளேஸ்டேஷன் பிள்ளைகள் மற்றவர்களோடு சேர்ந்து வீடு கட்டத் தொடங்கினர்.

திரைக்குப் பின்னால் நடந்தது 2021-இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. எபிக் நிறுவனத்துக்கும் ஆப்பிளுக்கும் அமெரிக்காவில் நடந்த வழக்கில் சில ஆவணங்கள் வெளியாயின. பிளேஸ்டேஷனில் ஆடும் நேரத்துக்கு ஏற்ற வருமானம் பிளேஸ்டேஷன் வழியாக வராமல் போனால், அதை ஈடுகட்ட விளையாட்டு நிறுவனம் சோனிக்குப் பணம் தர வேண்டும் என்ற ஏற்பாடு அவற்றில் காணப்பட்டது. இப்படிக் கேட்டது சோனி மட்டுமே என்று எபிக் தலைவர் டிம் சுவீனி சாட்சியம் அளித்தார். வியாபாரிக்கு அவர் கணக்கு. அதைக் குறை கூறிப் பயனில்லை என்பாரும் உண்டு. ஆயினும், இரு சிறுவர் சேர்ந்து ஆடுவதற்குள் இத்தனை பேரேடுகள் புரள வேண்டுமா என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

நியாயமான ஓர் ஆட்சேபத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கணினியில் மவுஸ் கொண்டு குறிபார்ப்பவருக்கு, பெட்டியின் கைப்பிடியால் குறிபார்ப்பவரைவிட வேகமும் துல்லியமும் அதிகம். ஆகவே போட்டி ஆட்டங்களில் இரு சாராரையும் மோதவிடுவது முறையாகாது என்கிறார்கள். உண்மையே. ஆனால் கூட்டு ஆட்டத்தில் இந்த ஆட்சேபத்துக்கு இடமில்லை. என் தோழன் என்னைவிட விரைவாகத் தட்டுக் கழுவினால் எனக்கு என்ன நட்டம்?

சுவீடனில் பணிபுரியும் யோசெஃப் ஃபாரெஸ் என்பவர் இவ்வகை ஆட்டங்களையே தம் தொழிலாகக் கொண்டவர். லெபனானில் பிறந்து, போருக்குத் தப்பிச் சிறுவனாகச் சுவீடன் சென்ற குடும்பத்தவர்; திரைப்பட இயக்குநராக இருந்து இத்துறைக்கு வந்தவர். அவருடைய குழுவினர் 2021-இல் வெளியிட்ட ‘இட் டேக்ஸ் டூ’ விளையாட்டைத் தனியாக ஆடவே முடியாது, இருவர் வேண்டும். மணமுறிவுக்குத் தயாராகிவிட்ட ஒரு கணவனும் மனைவியும் பொம்மைகளாக மாறிவிடுகின்றனர். ஒருவர் கையில் ஆணி, மற்றவர் கையில் சுத்தியல் என்ற விதமாக, ஒருவரின்றி மற்றவர் ஓரடியும் நகர முடியாதபடி வழி அமைந்திருக்கிறது. அவ்வாண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருது இதற்குக் கிடைத்தது. நம் குடும்பங்களில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து ஆடிப் பார்க்கத்தக்கது எனலாம்; சண்டை வந்தால் அதற்கு நாம் பொறுப்பல்ல! அதே குழுவினர் 2025 மார்ச்சில் ‘ஸ்பிளிட் ஃபிக்ஷன்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டபோது, இருவரில் ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர் தம் பெட்டி வேறு நிறுவனத்தினுடையதாயினும் விலையின்றிச் சேர்ந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு செய்தனர்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குத்தானே, இதற்கு இவ்வளவு விசாரம் எதற்கு என்று பெற்றோர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம், நார்வே நாட்டு மாட்ஸ் ஸ்டீனின் வரலாற்றை அறியும்வரை. தசைகளைத் தேய்க்கும் தீரா நோயோடு பிறந்தவர் அவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, விரல்களின் சிறு அசைவைக் கொண்டு, ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் ஆட்டத்தில் ஆண்டுக்கணக்காகச் செலவிட்டார். விண்டோஸ் கணினியும் மேக் கணினியும் தொடக்கம் முதலே ஒரே உலகில் கூடும் ஆட்டம் அது. மகன் நண்பர்களின்றித் தனிமையிலேயே காலத்தைக் கழித்துவிட்டானே என்று பெற்றோர் ஏங்கினர். 2014-இல் தம் 25-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் எழுதிவந்த வலைப்பக்கத்தில் தந்தை மரணச் செய்தியை இட்டார். அப்போது எங்கெங்கிருந்தோ கடிதங்கள் குவியத் தொடங்கின. அவரிடம் மனக்குறைகளைச் சொல்லி ஆறுதல் பெற்றவர்கள், அவர் சொல் கேட்டுத் தம் குடும்பத்தில் சமாதானம் கண்டவர்கள் எழுதினார்கள். பிற நாடுகளிலிருந்து சிலர் அடக்கத்துக்கே வந்து நின்றனர். மகனுக்கு இத்தனை தோழர்கள் இருந்தார்கள் என்று பெற்றோர் அறிந்தது அன்றுதான். 2024-இல் வெளியான ஓர் ஆவணப்படம் இந்த வரலாற்றை விரிவாகச் சொல்கிறது.

மூடிய அறைக்குள் இருந்து பேச்சுக் குரல் கேட்கிறதென்றால், உள்ளே யாரோடு பேசுகிறான் என்று கேட்பது பெற்றோரின் கடமையே. வாசல்கள் பலவாகத் திறந்திருக்கும் இடத்தில் அறியாதவரும் நுழையக்கூடும். ஒவ்வொரு பெட்டியிலும் பெற்றோருக்கென அமைப்புகள் தனித்தனியே உள்ளன. பிள்ளை பிறரோடு பேசலாமா என்பது போன்றவற்றை அங்கே வரையறுக்கலாம். ஆனால் ஃபோர்ட்நைட், மைன்கிராஃப்ட் போன்றவை பெட்டியின் கணக்கோடு தமக்கென ஒரு கணக்கையும் கேட்கும். அங்கும் ஒருமுறை பார்க்காவிட்டால் பாதிக் கதவுக்குத்தான் தாழ்ப்பாள் இட்டதாகும். ஆட்டத்துக்கு வெளியே குரலில் பேசப் பிள்ளைகள் பயன்படுத்தும் டிஸ்கார்டுக்குக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சுவர்கள் முற்றிலும் இடிந்துவிடவுமில்லை. தோழர்கள் சேர்ந்து பயிரிடும் ‘ஸ்டார்டியூ வேலி’யில் கணினியில் ஆடுபவரும் ஸ்விட்ச்சில் ஆடுபவரும் ஒரே தோட்டத்தில் நிற்க முடியாது. மைன்கிராஃப்டிலேயே ஜாவா, பெட்ராக் என இரு பதிப்புகள். இது அதனோடு சேராது. 2022 முதல் கணினிக்கு வாங்குவோருக்கு இரண்டும் ஒன்றாகவே கிடைப்பதால் அந்தத் தலைவலி குறைந்திருக்கிறது. கட்டணம் வேறு இருக்கிறது: விலை கொடுத்து வாங்கிய ஆட்டத்தை இணையத்தில் தோழரோடு ஆட, மூவகைப் பெட்டிகளிலும் தனிச் சந்தா கட்ட வேண்டும், கணினியில் பொதுவாக வேண்டியதில்லை.

ஆகவே கடைக்குப் புறப்படுமுன், எந்தப் பெட்டி சிறந்தது என்று விற்பவரிடம் கேட்பதை விட்டு, யாரோடு ஆடப் போகிறாய் என்று பிள்ளையிடம் கேட்போம். அந்தத் தோழர்களின் வீட்டில் என்ன இருக்கிறது, அவர்கள் ஆடும் விளையாட்டு வெவ்வேறு பெட்டியினரைச் சேர்க்கிறதா என்று ஒரு தாளில் எழுதி வரச் சொல்லலாம். பெட்டியை ஏற்கெனவே வாங்கியாயிற்று, பிள்ளை வாடிய முகத்தோடு நிற்கிறான் என்றாலும் கவலை வேண்டாம். ஓவர்குக்டின் அந்தப் பதிப்பு தோழர்களிடமும் இருக்குமானால், இன்று மாலையே நால்வரும் ஒரே அடுப்படியில் நின்று கத்தலாம்.