மைனஸ் நாற்பதில் ஓடும், பூஜ்ஜியத்தில் நிற்கும்

அலாஸ்காவின் வடகோடியில், ஆர்க்டிக் கடலோரம் இருக்கிறது உட்கியாக்விக். 2016 வரை அதன் பெயர் பாரோ. 2017 டிசம்பரில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஒன்றைக் கவனித்தார்கள். அவ்வூரின் வெப்பநிலைப் பதிவுகளை, ஓராண்டுக்கும் மேலாக, அவர்களுடைய கணினி ஒதுக்கித் தள்ளியிருந்தது. கருவியில் பழுதில்லை. ஊர் சூடேறிய வேகத்தைப் பார்த்து, இது கருவிக் கோளாறாகத்தான் இருக்கும் என்று நிரல் முடிவுகட்டிவிட்டது.

1979-க்குப் பிறகு, உலக சராசரியைப்போல ஏறக்குறைய 4 மடங்கு வேகத்தில் ஆர்க்டிக் சூடாகியிருக்கிறது என்று 2022-ல் வெளியான பின்லாந்து ஆய்வு சொல்கிறது. பனி மூடிய கடல் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். பனி விலகிய கடலோ 90 சதவீதத்துக்கு மேல் உள்வாங்கிக்கொள்ளும். கோடையில் சேர்த்த அந்தச் சூட்டை அக்டோபரிலும் நவம்பரிலும் காற்றில் விடுகிறது. கூடவே ஈரத்தையும் விடுகிறது. வண்டி வைத்திருப்பவர்களுக்கு வினை இந்த ஈரத்தில்தான்.

ஆர்க்டிக் அலாஸ்காவின் பெரும்பாலான கிராமங்களுக்கு வெளியிலிருந்து சாலை கிடையாது. வேட்டைக்கும் மீன்பிடிக்கும் தண்ணீர் கொண்டுவரவும் ஏடிவி எனப்படும் நான்கு சக்கர வண்டியும், பனிக்காலத்தில் ஸ்னோமொபைலும்தான் துணை. ஊரைவிட்டு வெகுதூரத்தில் இன்ஜின் நின்றால் அது உயிர்ப் பிரச்சினை. உதிரிபாகம் விமானத்தில் வரவேண்டும். அதனால் கோளாறு எது என்று சரியாகக் கண்டுபிடிப்பது அங்கே பெரிய செல்வம்.

குளிர் குறைந்தால் இன்ஜினுக்கு நல்லதுதானே என்று தோன்றும். மைனஸ் 40 டிகிரியில் ஆயில் கெட்டிப்படும், பேட்டரி சோர்ந்துபோகும். ஆனால் அதற்கெல்லாம் பழகிய வைத்தியம் உண்டு: இளகலான ஆயில், இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர், பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பது. அந்தக் கடுங்குளிரில் காற்று வறண்டிருக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய காற்றில்தான் ஈரம் மிகுதி. கார்புரேட்டரின் குறுகிய வாயில் பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பம் சட்டென்று இறங்க, அந்த ஈரம் த்ராட்டிலைச் சுற்றி உறைந்து ஒட்டிக்கொள்ளும். வண்டி இழுவை குறைந்து, திணறி, நின்றுவிடும். சற்று நேரம் விட்டால் இன்ஜின் சூட்டிலேயே பனி உருகி, ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். தடயமே இல்லாததால் பிளக்கையும் காயிலையும் மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் பலர். நின்று, தானாகவே சரியாகும் வண்டியில் முதல் சந்தேகம் கார்புரேட்டர் பனிமேல்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது பெட்ரோல் டேங்க். உறைவதும் உருகுவதுமாகப் பருவம் மாறிமாறி வரும்போது, டேங்கின் காலி இடத்தில் நீர் வியர்த்து அடியில் தங்கும். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்து ஸ்க்ரூவைத் தளர்த்தி, கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் நீர் தனியாக அடியில் நிற்கும். டேங்கை நிரப்பியே வைப்பது எளிய தடுப்பு. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கார்புரேட்டர் தொல்லை இல்லை; ஆனால் தண்ணீர் கலந்த பெட்ரோல் அதையும் விடாது.

ஆயில் குச்சியையும் எடுத்துப் பார்க்க வேண்டும். பால் விட்ட காபிபோல இருந்தால் ஆயிலில் நீர் சேர்ந்துவிட்டது. அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். ஆற்றில் முங்கி எழுந்த வண்டியில் மட்டுமல்ல, இன்ஜின் நன்றாகச் சூடாகுமுன் நிறுத்தி நிறுத்திச் சிறுதூரமே ஓட்டும் வண்டியிலும் இது வரும். அந்த நீர் ஆவியாகி இன்ஜினின் மூச்சுக் குழாயில் உறைந்து அடைத்தால், உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

ஸ்னோமொபைலில் கதை வேறு. ஓடும்போது பின்பட்டை வாரியடிக்கும் பனிதான் பல வண்டிகளில் கூலன்ட்டைக் குளிர்விக்கிறது. பனி மெலிந்த தடத்தில் ஓட்டினால், வெளியே உறைகுளிர் இருந்தும் இன்ஜின் கொதிக்கும்.

கோடையில் ஏடிவியைச் சூடாக்குவது ரேடியேட்டரில் அப்பும் சேறு. தூந்திர மண்ணின் பாசியும் செடியும்தான் அடியிலிருக்கும் உறைமண்ணை வெயிலிலிருந்து காக்கின்றன. சக்கரம் அதைக் கிழித்தால் பள்ளத்தில் நீர் தேங்கி, உறைமண் இன்னும் ஆழமாக இளகும். அடுத்து வருபவர் சேற்றைத் தவிர்க்கப் பக்கத்தில் ஓட்டுவார். தடம் அகன்றுகொண்டே போகும். வெப்பத்தால் தவிக்கும் நிலத்தை வண்டியும் சேர்ந்து வதைப்பது வேதனையான உண்மை. ஆனாலும் அந்த மக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்கு வேறு வழியில்லை. அலாஸ்காவில் சில தடங்களில் பிளாஸ்டிக் தட்டிகளை விரித்து மண்ணைக் காக்கிறார்கள். தட்டி இல்லாத தடத்தில் ஓடிவந்த வண்டியின் ரேடியேட்டரை அன்றே கழுவிவிட வேண்டும். சேறு காய்ந்தால் கல்லாகிவிடும். இன்ஜின் பக்கமிருந்து முன்னோக்கி, மெதுவான நீரில் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, காற்று போக வழியில்லாமல் மறுநாளே இன்ஜின் மறுபடி கொதிக்கும்.