பட்டி பூசினால் துரு போகுமா?

பழைய மாருதி 800 வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஜினைப் பற்றி யாரும் பெரிதாகக் குறை சொல்ல மாட்டார்கள். 796 சிசி, மூன்று சிலிண்டர். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டிவிடுவார். அந்தக் காரைச் சாகடிப்பது இன்ஜின் அல்ல, பாடி. கதவின் அடிவிளிம்பில் மிளகு அளவுக்குப் பெயின்ட் உப்பி நிற்கும். நகத்தால் சுரண்டினால் பழுப்பு நிறப் பொடி உதிரும். இரண்டு மழைக்காலம் போனால் அதே இடத்தில் விரல் நுழையும்.

1983 டிசம்பரில் முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுத்தார். 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. நடுவில் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் சாலைக்கு வந்தன. எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கார். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் போனதும், குலதெய்வம் கோயிலுக்குப் போனதும் அதில்தான். விற்கப் போனால் சொற்பக் காசுதான் கிடைக்கும், மனமும் வராது. வைத்துக்கொள்வதும் இப்போது மலிவான காரியமில்லை. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள்தான். அதன்பின் ஆய்வுக்குக் கொண்டுபோய் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக ஏறியது. இவ்வளவு கட்டி வைத்துக்கொள்ளும் காரின் தகடு உள்ளுக்குள் உதிர்ந்துகொண்டிருந்தால் என்ன பயன்?

வழக்கமாக நாம் செய்வது என்ன? எஃப்சி எனும் அந்த ஆய்வுக்கு முந்தைய வாரம் ஒரு ஷெட்டில் விடுகிறோம். உப்பிய இடத்தைத் தேய்த்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்துத் தருகிறார்கள். கார் பளபளவென்று வீட்டுக்கு வருகிறது. அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் அதே கொப்புளம். பெயின்டர் ஏமாற்றிவிட்டார் என்று திட்டுகிறோம். துரு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பூசச் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?

கதவில் வெளியே தெரியும் துரு பெரும்பாலும் வெளியே பிறந்ததில்லை. இரும்போடு தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்தால் துரு. உப்பு கலந்துவிட்டால் அந்த வேதிவினை பல மடங்கு வேகம் எடுக்கும். துருவுக்கு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு கனஅளவு உண்டு. அதனால்தான் பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு உப்புகிறது. கதவின் உள்பக்கம் தகடு முழுக்க அரித்து, கடைசியில் வெளிப்பக்கம் வந்து எட்டிப் பார்ப்பதுதான் அந்த மிளகுக் கொப்புளம். வெளியே மிளகு என்றால் உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் போயிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலோர ஊர்களில் இது இன்னும் மோசம். திருவான்மியூர், ராயபுரம், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று எங்கே கேட்டாலும் ஜன்னல் கம்பி முதல் ஏசி அவுட்டோர் யூனிட் வரை புலம்பல்தான். ஊருக்கு ஊர் இரும்பு எந்த வேகத்தில் அரிக்கிறது என்று அளந்து இந்தியாவின் அரிப்பு வரைபடத்தையே தயாரித்தவர்கள் நம் காரைக்குடியில் இருக்கிறார்கள். 'சிக்ரி' என்று ஊரே அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் அது. கடற்காற்று உலோகத்தை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே மண்டபத்தில் அவர்களுக்கு ஓர் ஆய்வு மையம் உண்டு.

ஆகவே கிரைண்டரைக் கையில் எடுக்கும் முன் தண்ணீரைத் தேடுங்கள். என்னைக் கேட்டால் இந்த வேலையில் பாதி இதுதான். கதவுக்குள் மழைத்தண்ணீர் போகத்தான் செய்யும். கண்ணாடியை ஒட்டி வழியும் நீர் உள்ளே இறங்கி, அடிவிளிம்பில் உள்ள சின்னத் துளைகள் வழியே வெளியேற வேண்டும் என்றுதான் அந்தக் கதவைச் செய்திருக்கிறார்கள். புழுதியும் காய்ந்த இலைத்தூளும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துக்கொண்டால் கதவின் அடிப்பகுதி தொட்டியாகிவிடும். ஒரு சைக்கிள் ஸ்போக்கை மெதுவாக விட்டுத் துழாவினால் கறுப்புச் சேறு வரும், அதன் பின்னால் தண்ணீரும் வரும். பிறகு கதவின் உள் பேனலைக் கழற்றிப் பாருங்கள். அங்கே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை என்றோ ஸ்பீக்கர் மாட்டியவரோ கண்ணாடி சரிசெய்தவரோ கிழித்துப் போட்டிருப்பார். அந்த வழியாகத்தான் தண்ணீர் காருக்குள் வந்து கார்ப்பெட்டை நனைக்கிறது.

கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பவர்கள் குறைவு. மேலே தொட்டால் காய்ந்திருக்கும். அதற்கு அடியில் உள்ள மெத்தை வாரக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் முங்கிய கார்களில் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தார்கள், சீட்டை வெயிலில் காய வைத்தார்கள். இந்த மெத்தையை எடுக்காமல் விட்ட கார்களில் ஃப்ளோர் கீழிருந்தும் மேலிருந்தும் சேர்ந்தே அரித்தது. முன்கண்ணாடி ரப்பர், டிக்கி பீடிங், பேட்டரி உட்காரும் தட்டு ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். பேட்டரித் தட்டை அரிப்பது மழையல்ல, ஆசிட்.

அடுத்தது, எது நம் கை வேலை, எது இல்லை என்று பிரிப்பது. ஒரு சின்னக் காந்தமும் ஸ்க்ரூடிரைவரும் போதும். பழைய காரில் முன்பு யாரோ பட்டி அப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது, ஒட்டினாலும் தளர்வாக நிற்கும். ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், அரித்த தகடு மொத்தென்று ஒலிக்கும். கதவு, பானெட், டிக்கி கதவு, போல்ட் போட்டு மாட்டிய முன் ஃபெண்டர் இவற்றில் வரும் துருவோடு வீட்டில் தாராளமாக மல்லுக்கு நிற்கலாம். ரன்னிங் போர்டு, ஃப்ளோர், சீட் பெல்ட் மாட்டிய இடம், ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் பிடிமானம் இவை வேறு கதை. அம்பாசிடரானாலும் மாருதியானாலும் தனி சேசிஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. அந்த இடங்களில் ஓட்டை விழுந்தால் அது அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. விபத்தில் உயிரைக் காக்கப்போவது அந்தத் தகடுதான். எங்கள் பகுதி டிங்கர் ஒருவர் ரன்னிங் போர்டைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இது பட்டி பாக்கற வேலை இல்ல. தகடு மாத்தற வேலை." இப்படிச் சொல்பவரிடம் தயங்காமல் காரை விடுங்கள். பைபர் துணியும் ரெசினும் வைத்து அங்கே அடைத்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் விடாதீர்கள்.

இனி கதவு. முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், நல்ல மாஸ்க்கும் போடுங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் பறக்கக் கூடாது. கொப்புளத்தை மட்டும் சுரண்டாமல், சுற்றிலும் இரண்டு மூன்று அங்குலத்துக்கு நல்ல தகடு தெரியும்வரை பெயின்ட்டை எடுக்க வேண்டும். துருவின் விளிம்பு பெயின்ட்டுக்கு அடியில் ஓடியிருக்கும். கிரைண்டரில் ஃப்ளாப் டிஸ்க் போட்டு ஒரே இடத்தில் அழுத்தினால் முக்கால் மில்லிமீட்டர்த் தகடு சூடேறி அலை அலையாக வளைந்துவிடும். தொட்டுத் தொட்டு எடுங்கள். வயர் பிரஷ் மட்டும் போட்டால் துரு பளபளப்பாகத் தெரியும், போகாது. வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெள்ளித் தகட்டில் ஊசி முனையளவு கரும்புள்ளிகள் தெரியும். அந்தக் குழிகளுக்குள் இருப்பது உயிருள்ள துரு.

அதற்குத்தான் ஹார்டுவேர் கடையில் விற்கும் ரஸ்ட் ரிமூவர். அவற்றில் பலவற்றின் சரக்கு பாஸ்பாரிக் அமிலம். துருவைக் கரைத்து, இரும்பின் மேல் பாஸ்பேட் படலம் ஒன்றை விட்டுச் செல்கிறது. டெல்லி மெஹ்ரௌலியில் உள்ள, ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக மழையைத் தாங்கி நிற்கும் இரும்புத் தூணை ஆராய்ந்த ஐஐடி கான்பூர் பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம், அதைக் காப்பதும் ஒரு பாஸ்பேட் படலம்தான் என்று விளக்கியிருக்கிறார். அந்த இரும்பில் இயல்பாகவே பாஸ்பரஸ் அதிகம். நம் தகட்டில் அது இல்லை, பூசித்தான் பெற வேண்டும். கையுறை போட்டு, பிரஷ்ஷால் தடவி, டப்பாவில் சொன்ன நேரம் வரை காயாமல் வைத்திருந்து, பிறகு சுத்தமாகத் துடைத்தெடுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் பிரைமர் ஒட்டாது.

தகடு ஓட்டையாகிவிட்டதா? நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டிய இடத்துக்கு அட்டையில் அச்சு எடுத்து, 20 கேஜ் சிஆர் ஷீட்டில் துண்டு நறுக்கி, சுத்தியலால் வளைவு கொடுத்துப் பொருத்திப் பார்ப்பதை நீங்களே செய்யலாம். ஜிஐ தகடு வேண்டாம், வெல்டிங்கில் வரும் துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வெல்டிங்கை மட்டும் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கும் ஆர்க் வெல்டிங் இந்த மெல்லிய தகட்டை ஊதித் தள்ளிவிடும். சிஓ2 வெல்டிங் வேண்டும், அதுவும் இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி என்று ஆறவிட்டு வைக்க வேண்டும். பெட்ரோல் டேங்கின் பக்கத்தில் என்றால் டேங்கை இறக்காமல் யாரையும் பொறி பறக்க விடாதீர்கள். பானெட்டோ ஃபெண்டரோ முழுக்கப் போயிருந்தால் பழைய உதிரிபாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய் நல்லதாக ஒன்றைத் தேடுவது ஒட்டுப்போடுவதைவிட மேல்.

வெறும் தகடு வெளியே தெரிந்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். கடலோரத்தில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். முதல் பூச்சுக்கு எபாக்சி பிரைமர் என்பது என் முடிவு. பட்டி அதன் மேல்தான். பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள். வெறும் இரும்பில் அதை அப்பிவிட்டு, நம் வழக்கப்படி தண்ணீர் ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்த்தால், தண்ணீரை நாமே இரும்புக்கு ஊட்டுகிறோம். பட்டியை உலர்வாகவே தேயுங்கள். கூடவே வரும் சிவப்பு ஹார்ட்னர் நூற்றுக்கு இரண்டு பங்கு போதும். சித்திரை வெயிலில் கலந்த கொஞ்ச நேரத்திலேயே கல்லாகிவிடும், ஆகவே கோலிக்குண்டு அளவு கோலிக்குண்டு அளவாகக் கலக்குங்கள். பூச்சு மெல்லியதாக இருக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் பட்டி கேட்கிறது என்றால் தகட்டை இன்னும் தட்டி எடுக்க வேண்டும் என்று பொருள்.

தேய்ப்பதற்கு உப்புத்தாளை வெறும் விரலால் பிடிக்காமல் ஒரு மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். 80-இல் தொடங்கி 180, 320. சமமாகிவிட்டதா என்பதைக் கண் சொல்லாது, கைதான் சொல்லும். மெல்லிய பனியன் துணி ஒன்றை உள்ளங்கைக்கு அடியில் வைத்து, நல்ல தகட்டிலிருந்து பட்டியைத் தாண்டி அந்தப் பக்கத்து நல்ல தகடு வரை நீளமாகத் தடவுங்கள். துணி இருப்பதால் கை வழுக்கிக்கொண்டு போகும், மயிரிழை மேடும் தட்டுப்படும். அனுபவப்பட்ட பெயின்டர்கள் இதைச் செய்யும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பெயின்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. காரின் கலர் கோடைச் சொன்னால் பெயின்ட் கடையில் கலந்து தருவார்கள். பழைய கார் வெயிலில் வெளுத்திருப்பதால் நூறு சதவீதம் சேராது, பரவாயில்லை. மழைநாளில் அடிக்காதீர்கள். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பெயின்ட் வெளிறிவிடும். மாசி, பங்குனி தோதான மாதங்கள். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்ட்டில் ஐசோசயனேட் உண்டு. கைக்குட்டை கட்டிக்கொண்டு வீட்டில் அதை ஸ்பிரே செய்வது நுரையீரலுக்குக் கேடு. அந்த வேலையை பூத் வசதி உள்ள ஷெட்டுக்கு விட்டுவிடுங்கள்.

பெயின்ட் காய்ந்ததும் வேலை முடிந்தது என்று எல்லோரும் நிறுத்துகிறார்கள். துரு பிறந்த இடமான கதவின் உள்பக்கம் அப்படியேதான் இருக்கிறது. கேவிட்டி வேக்ஸ் என்று ஸ்பிரே டப்பாவில் கிடைக்கிறது, நீண்ட குழாயோடு வரும். பேனல் திறந்திருக்கும்போதே உள்விளிம்பு முழுக்க அடியுங்கள், பிறகு துளைகள் அடைபடவில்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய இன்ஜின் ஆயிலை அடிப்பது அந்தக் காலப் பழக்கம். அது ரப்பரைக் கெடுக்கும், சொட்டும், மண்ணையும் பாழாக்கும். காருக்கு அடியில் கறுப்பாக அடிக்கும் அண்டர்பாடி கோட்டிங்கும் சுத்தமான தகட்டின் மேல் போட்டால்தான் காப்பு. துருவின் மேல் போட்டால் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும், அரிப்பதும் வெளியே தெரியாது. பழைய கார் வாங்கப் போகும்போது அடிப்பக்கம் புத்தம் புதிய கறுப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இத்தனையும் செய்ய உங்களுக்கு நேரமில்லாமல் இருக்கலாம், கிரைண்டர் இல்லாமல் இருக்கலாம். ஐப்பசி பிறப்பதற்குள் ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள். நான்கு கதவுகளின் அடிவிளிம்பிலும் உள்ள துளைகளை ஒரு கம்பியால் திறந்துவிட்டு, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் ஒருமுறை கை வைத்துப் பாருங்கள்.