பனிக்கட்டியாற்றின் வாசலுக்கு நடந்து போவது எப்படி?

வன்னி மக்களுக்குப் பலநாள் நடை புதிதல்ல. செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் தொடங்கும் கதிர்காமப் பாதயாத்திரை வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு, திருகோணமலை, மட்டக்களப்பு, உகந்தை, யால காடு என்று ஒரு மாதத்துக்கும் மேலாக நீள்கிறது. அந்தக் கால்களை நம்பி வன்னியின் ஜெயபுரத்தில் இருந்து ஒருவர் இமயமலையில் நடக்கப் புறப்படலாம். ஆனால் ஒன்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். கால் பழகியிருக்கும், மூச்சு பழகியிருக்காது.

நம்மவர்கள் எட்டக்கூடிய பனிக்கட்டியாறு ஒன்று வட இந்தியாவின் உத்தரகண்டில் இருக்கிறது. அதன் பெயர் கங்கோத்ரி; நீளம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். அது முடியும் இடத்தில் பனிச்சுவரின் அடியில் இருந்து பாகீரதி ஆறு பாய்ந்து வருகிறது. அந்த இடத்துக்குக் கோமுக் என்று பெயர், அதாவது பசுவின் முகம். சிவன் கோயில் மூலஸ்தானத்தின் வெளிச்சுவரில் அபிஷேகத் தீர்த்தம் வழிகிற கோமுகியைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்கத் தேவையில்லை.

உயரம் என்ன செய்யும்?

இலங்கையின் அதியுயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். நடை தொடங்கும் கங்கோத்ரி ஊரே ஏறத்தாழ 3,100 மீற்றரில் இருக்கிறது. இரவு தங்கும் போஜ்பாசா 3,800 மீற்றர், கோமுக் ஏறத்தாழ 4,000 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கடற்கரையில் கிடைக்கும் ஒட்சிசனில் ஐந்தில் மூன்று பங்குதான் கிடைக்கும். உடல் இதற்குப் பழகும், ஆனால் அதற்கு நாட்கள் வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டி வாழும் நாம் அந்த நாட்களைக் கட்டாயம் கொடுக்க வேண்டும்.

மலையேறுவோர் பின்பற்றும் விதி இது: 3,000 மீற்றரைத் தாண்டிய பின், இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீற்றருக்குமேல் உயரக்கூடாது. பகலில் அதைவிட உயரம் போய்விட்டு இறங்கி வரலாம். கணக்கில் வருவது படுக்கும் இடம்தான்.

நாட்களைப் பிரிக்கும் விதம்

முதல் நாள் மலையடிவார ஊரான ரிஷிகேஷில் இருந்து வாகனத்தில் உத்தரகாசிக்குப் போய் அங்கே ஓர் இரவு தங்குங்கள். அதன் உயரம் ஏறத்தாழ 1,150 மீற்றர். இரண்டாம் நாள் கங்கோத்ரி. மூன்றாம் நாளும் அங்கேயே நின்று, கோயிலைச் சுற்றி மெல்ல நடவுங்கள். நாள் வீணாகிறதே என்று தோன்றும். முழுப் பயணத்தையும் காப்பாற்றுவது அந்த நாள்தான்.

நான்காம் நாள் 9 கிலோமீற்றர் நடந்தால் சீர்பாசா. இது பைன் மரங்கள் நிற்கும் இடம், உயரம் ஏறத்தாழ 3,600 மீற்றர். ஐந்தாம் நாள் இன்னும் 5 கிலோமீற்றரில் போஜ்பாசா. போஜ் என்பது பூர்ஜ மரம். நாம் பனையோலையில் எழுதியதைப் போல, வடக்கே அதன் பட்டையில் எழுதினார்கள். போஜ்பாசாவில் ஓர் ஆச்சிரமமும் அரச சுற்றுலா நிறுவனத்தின் தங்குமிடமும் உண்டு. ஆறாம் நாள் 4 கிலோமீற்றர் தள்ளி இருக்கும் கோமுக்கைப் பார்த்துவிட்டு மீண்டும் போஜ்பாசாவுக்கு வந்து படுங்கள். ஏழாம் நாள் இறக்கம்.

பலர் கங்கோத்ரியில் இருந்து ஒரே நாளில் 14 கிலோமீற்றரையும் நடந்து போஜ்பாசாவுக்குப் போகிறார்கள். அது ஒரே நாளில் 700 மீற்றர் ஏற்றம். தாழ்நிலத்து உடலுக்கு அந்த அவசரம் வேண்டாம்.

இந்தப் பாதை கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. இந்திய விசாவும் கடவுச்சீட்டின் பிரதிகளும் கையில் இருக்கட்டும். எத்தனை இரவு தங்கப் போகிறீர்கள் என்பதை அனுமதி கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். மே, ஜூன், செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் உகந்தவை. ஜூலையிலும் ஓகஸ்டிலும் மழையால் மண்சரிவு வரும்.

முதுகில் என்ன இருக்க வேண்டும்?

1,000 மீற்றர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும். ஜெயபுரத்தில் 32 பாகை வெயில் எரிக்கும்போது, கணக்குப்படி போஜ்பாசா உயரத்தில் 7 பாகைதான். இரவில் தண்ணீர் உறையும். ஆகவே ஒரே தடித்த சட்டையைவிட மூன்று மெல்லிய அடுக்குகள் நல்லது: உடலை ஒட்டி வியர்வையைத் தேக்காத ஒன்று, அதற்குமேல் கம்பளி, வெளியே காற்றையும் மழையையும் தடுக்கும் ஒன்று. பருத்தி நனைந்தால் எளிதில் காயாது, குளிரை உடலோடு ஒட்டிவைக்கும். அதை ஊரிலேயே விட்டுச் செல்லுங்கள்.

படுக்கும்போது போத்தலில் சுடுதண்ணீர் நிறைத்து உறக்கப்பைக்குள் காலடியில் வைத்துக்கொண்டால், இரவில் கால் சூடாக இருக்கும், விடியக் குடிக்கவும் உறையாத தண்ணீர் கிடைக்கும். தொலைபேசியையும் டோர்ச் பற்றரிகளையும் உள்ளேயே வையுங்கள். குளிரில் அவை சீக்கிரம் வலுவிழக்கும்.

பயிற்சிக்கு மலை தேவையில்லை. புறப்பட மூன்று மாதம் முன்பே, விடியற்காலையில் முதுகுப்பையில் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு குளக்கட்டில் நடக்கத் தொடங்குங்கள். வாரம்தோறும் கொஞ்சம் கூட்டி எட்டுக் கிலோ வரை போகலாம். மலைக்குப் போடப்போகும் அதே சப்பாத்தைப் போட்டு நடவுங்கள். கால் கொப்பளிப்பதென்றால் ஊரிலேயே கொப்பளித்து ஆறட்டும்.

பாதையில் கவனிக்க வேண்டியவை

பனி உருகி வரும் ஓடைகள் காலையில் கணுக்கால் அளவு ஓடும். வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் அதே ஓடை முழங்காலைத் தாண்டலாம். ஆகவே ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். சரிவுகளில் நீலஆடுகள் மேயும். அவற்றின் குளம்பு பட்டுக் கல் உருளும். அப்படியான இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம். கோமுக்கில் பனிச்சுவரின் அடிக்குப் போகவே கூடாது. அதில் இருந்து பாறை அளவு பனிக்கட்டிகள் சொல்லாமல் கொள்ளாமல் விழும்.

தலையிடி, சத்தி, பசியின்மை, நித்திரையின்மை என்பவை உயர நோயின் முதல் அறிகுறிகள். அவை வந்தால் மேலே ஏறாதீர்கள். குறையாவிட்டால் இறங்குங்கள். சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, வெறித்தவரைப் போல நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழம்பினாலோ, இரவென்றும் பாராமல் துணையோடு உடனே இறக்கிவிட வேண்டும். இறக்கம்தான் அதற்கு முதல் மருந்து. கூட வந்தவர் தலையிடியை மறைக்கக்கூடும், அதனால் ஒருவரை ஒருவர் காலையும் மாலையும் கேட்டுக்கொள்ளுங்கள். இதய நோய், ஆஸ்துமா, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் புறப்படமுன் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இந்தப் பனிக்கட்டியாறு பல பத்தாண்டுகளாக ஆண்டுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் பின்வாங்கி வருகிறது. இன்று வழிநெடுகக் கல்லும் மண்ணுமாகக் கிடக்கும் இடத்தில் ஒருகாலம் பனி இருந்தது. மாரி மழையைக் குளத்தில் தேக்கிக் கோடையில் வயலுக்கு விடும் நமக்கு, அந்தப் பனி எதற்கு என்பது சொல்லாமலே விளங்கும். அதுவும் ஒரு குளம்தான். குளிர்காலத்தில் தேங்கி, வெயிற்காலத்தில் ஆற்றுக்குத் திறந்துவிடுகிறது. போகிறவர்கள் கொண்டுபோன பொலித்தீனைக் கடைசித் துண்டு வரை திருப்பிக் கொண்டுவாருங்கள். எந்தக் குளத்தின் அலைகரையிலும் நாம் குப்பை போடக்கூடாது.