பழைய கெமிஸ்ட்ரி பேப்பரை தம்பிக்கு அனுப்புறீங்களா? முதல்ல வருஷத்தைப் பாருங்க

‘அக்கா, உங்க இன்டர் கெமிஸ்ட்ரி கொஸ்டின் பேப்பர்ஸ் இருந்தா அனுப்புங்க.’ ஊரில் படிக்கும் தம்பி, தங்கையிடமிருந்து இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கலாம். சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் நாயுடுபேட்டை. 2022 ஏப்ரலில் நெல்லூரிலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறிய ஊர். அங்கே இன்டர் படிக்கும் பிள்ளையானாலும் சரி, இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டியில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளையானாலும் சரி, தேர்வு நெருங்கினால் தேடுவது பழைய வினாத்தாளைத்தான். கொடுப்பது நல்ல விஷயம். ஆனால் எல்லாப் பழைய பேப்பரும் உதவாது.

பழைய பேப்பரில் என்ன கிடைக்கும்?

ஆந்திர இன்டர் வேதியியல் தாளையே பார்ப்போம். 2025 வரையிலான வடிவத்தில் 3 மணி நேரம், 60 மதிப்பெண். எட்டு மார்க் கேள்விகள் மூன்றில் இரண்டு, நான்கு மார்க் கேள்விகள் எட்டில் ஆறு எழுதினால் போதும். இரண்டு மார்க் கேள்விகள் பத்துக்கு மட்டும் சாய்ஸ் கிடையாது. வினைவேகத்தின் மோதல் கொள்கை, ஓசோன் தயாரிப்பு போன்றவை பெரிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை. அதனால் ‘இம்பார்ட்டன்ட்’ குறித்துப் படிப்பது அங்கே ஓரளவு எடுபடும். இரண்டு மார்க் பகுதி அப்படியல்ல, பாடம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அதற்கு மட்டும் 20 மதிப்பெண். பாஸ் மார்க்கே 21தான்! பத்து வருஷ பேப்பரைப் பரப்பி வைத்துப் பார்க்கும் பிள்ளைக்கு இது தானாகப் புரிந்துவிடும்.

ஆனால் விடையோடு சேர்த்து வாசித்துக்கொண்டே போவதில் பெரிய பலன் இல்லை. அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இதில் பிரபலம். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். ஆகவே பேப்பரை அனுப்பும்போது விடைக்குறிப்பை இரண்டு நாள் கழித்து அனுப்பினாலும் தப்பில்லை.

எந்த வருஷத்து பேப்பர்?

சிக்கல் இங்கேதான். என்சிஇஆர்டி தன் வேதியியல் புத்தகங்களைச் சுருக்கியதில் திடநிலை, புறப்பரப்பு வேதியியல், பலபடிகள், ஹைட்ரஜன், எஸ்-தொகுதி எல்லாம் போய்விட்டன. 2024 நீட் பாடத்திட்டத்திலும் இவை இல்லை. ஆனால் பி-தொகுதி தனிமங்கள் என்சிஇஆர்டி புத்தகத்திலிருந்து போன பிறகும் நீட்டில் நீடிக்கின்றன. புத்தகத்தை மட்டும் நம்புகிற பிள்ளைக்கு இது பெரிய பொறி. நீங்கள் எழுதிய 2019 நீட் தாளை அப்படியே அனுப்பினால், இனி வராத திடநிலைக் கணக்கில் உங்கள் தம்பி ஒரு ராத்திரியைத் தொலைப்பான்.

வடிவமும் மாறியிருக்கிறது. 2021 முதல் 2024 வரை நீட் வேதியியலில் 50 கேள்விகள், 45 எழுதினால் போதும். 2025-இல் சாய்ஸ் இல்லாமல் மறுபடி 45. ஆந்திராவிலும் 2025-26 முதல் இன்டர் முதலாம் ஆண்டுக்கு என்சிஇஆர்டி பாடத்திட்டம் வந்துவிட்டது. பழைய பேப்பரைத் தூக்கிப்போட வேண்டாம். இன்றைய பாடத்திட்டத்தை வைத்து, இல்லாத கேள்விகளை அடித்துவிட்டு அனுப்புங்கள். அரை மணி நேர வேலை.

‘நாளைக்கு வரப்போற பேப்பர்’ வந்தால்?

முடிந்த தேர்வின் தாளைப் பகிர்வது வேறு, நடக்கப்போகும் தேர்வின் தாளைப் பகிர்வது வேறு. கர்நாடகாவில் 2016 மார்ச் 21 அன்று நடந்த இரண்டாம் பியூசி வேதியியல் தேர்வு, தாள் கசிந்ததால் ரத்தானது. 31-ஆம் தேதி மறுதேர்வு வைத்தார்கள், அந்தத் தாளும் கசிந்தது. கடைசியில் ஏப்ரல் 12-இல்தான் நடந்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே பாடத்தை மூன்று முறை படித்தார்கள். சித்தூர் மாவட்டத்திலும் 2022 ஏப்ரலில் பத்தாம் வகுப்புத் தெலுங்கு வினாத்தாள் வாட்ஸ்அப்பில் பரவி, கைதுகள் வரை போனது.

ஆந்திராவில் இதற்கென 1997-லேயே மாநிலச் சட்டம் இருக்கிறது. நீட், ஜேஇஇ போன்ற தேசியத் தேர்வுகளுக்கு 2024 ஜூன் 21 முதல் மத்தியச் சட்டம் அமலில் உள்ளது. தாளைக் கசியவிட்டால் மட்டுமல்ல, அனுமதியின்றி அதைக் கையில் வைத்திருந்தாலும் குற்றம். தண்டனை 3 முதல் 5 ஆண்டு சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். தேர்வு எழுதும் மாணவர்கள் இந்தச் சட்டத்துக்குள் வர மாட்டார்கள், அவர்களுக்குத் தேர்வு அமைப்பின் விதிகள்தான். ஃபார்வர்டு செய்த அக்காவுக்கும் அண்ணனுக்கும் அந்த விலக்கு கிடையாது.